களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீடு கட்டுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் வக்கீல் இல்லை. தமிழ்நாடு-கேரள எல்லையில் தமிழ்நாட்டுப் பக்கம், குழித்துறையில் பிளான் வரைந்து கொடுக்கிறவன். என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு வீடு ஒரு மாநிலத்தில், வஸ்து (மனை) இன்னொரு மாநிலத்தில், கொத்தனார் எந்தப் பக்கத்து ஆள் என்று அவருக்கே சந்தேகம். 1956 நவம்பர் 1 வரைக்கும் இந்தப் பக்கத்து விளவங்கோடும் அந்தப் பக்கத்து நெய்யாற்றின்கரையும் ஒரே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம்தான். கோடு விழுந்த பிறகும் கல்யாணமும் கட்டட வேலையும் அந்தக் கோட்டைப் பார்த்து நடக்கவில்லை, ஆனால் ஆபீஸ்காரர்கள் பார்க்கிறார்கள். ஒரே சந்தேகத்துக்குப் போனில் திரும்பத் திரும்பப் பதில் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதி வைத்தேன்.

"வீடு மார்த்தாண்டத்துல. பாறசாலைப் பக்கம் பத்து சென்ட் வாங்கப் போறேன். பிளான் எங்க பாஸ் பண்ணணும், நம்ம ஊர் எஞ்சினியர் போதுமா?"

மண் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்து விதிதான். பாறசாலை பஞ்சாயத்து என்பதால் கேரள பஞ்சாயத்து கட்டிட விதிகள் 2019. நெய்யாற்றின்கரை நகராட்சிக்குள் என்றால் நகராட்சிகளுக்கு அதே வருஷம் வந்த தனி விதிகள். பிளானை யார் வேண்டுமானாலும் வரையலாம், கையெழுத்து மட்டும் கேரளத்தில் பதிவு செய்த லைசென்சி (உரிமம் பெற்ற எஞ்சினியர் போன்றவர்) போட வேண்டும். நாகர்கோவில் எஞ்சினியரின் பதிவு அங்கே செல்லாது.

விண்ணப்பம் இப்போது கேரள உள்ளாட்சிகளின் ஆன்லைன் தளமான கே-ஸ்மார்ட் வழியாக. நகராட்சிகளுக்கு 2024 ஜனவரியில் வந்தது, பஞ்சாயத்துகளுக்கு 2025 ஏப்ரலில். 300 சதுர மீட்டருக்குள், அதாவது சுமார் 3,200 சதுர அடிக்குள், இரண்டு மாடி வரைக்குமான வீட்டுக்கு லைசென்சியும் உரிமையாளரும் தாங்களே சான்று கொடுத்து வாங்கிக்கொள்ளும் வழி உண்டு.

இந்தப் பக்கத்திலிருந்து பிளானோடு போகிறவர்கள் மறப்பது கிணற்றை. குடிநீர்க் கிணற்றிலிருந்து 7.5 மீட்டருக்குள் செப்டிக் டேங்கோ ஊறுகுழியோ வரக்கூடாது. உங்கள் கிணறு மட்டுமல்ல, பக்கத்து வீட்டுக் கிணறும் கணக்கு. அங்கே வீட்டுக்கு வீடு கிணறு, பத்து சென்டில் நாலு பக்கமும் 7.5 மீட்டர் வட்டம் போட்டுப் பார்த்தால் சில இடங்களில் செப்டிக் டேங்க் வைக்க மூலையே மிஞ்சாது. அட்வான்ஸ் கொடுக்கும் முன் டேப்பை எடுத்துக்கொண்டு போங்கள்.

"ஆதாரத்துல 'நிலம்'னு எழுதியிருக்கு. நிலம்தானே அண்ணே, வீடு கட்டலாம்ல?"

ஆதாரம் என்றால் கிரயப் பத்திரம். அதில் வரும் 'நிலம்' என்ற இந்த ஒரு சொல்லில் நம்ம ஆட்கள் பணத்தைப் போட்டது கொஞ்சநஞ்சமல்ல. நமக்கு நிலம் என்றால் எந்த மண்ணும். கேரள வருவாய்ப் பதிவேட்டில் 'நிலம்' என்றால் நெல்வயல், வீடு கட்டத் தகுந்தது 'புரயிடம்'. மேலே தென்னையும் வாழையும் நின்றாலும் பதிவேட்டில் நிலம் என்றிருந்தால் அது வயல்தான். புரோக்கர் 'நல்ல நிலம்' என்று சொல்லும்போது பொய் சொல்லவில்லை, அதுதான் வேடிக்கை.

கேரளத்தில் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் நடப்புக்கு வந்தது 2008 ஆகஸ்ட் 12. அந்தத் தேதியில் வயலாகவோ ஈர நிலமாகவோ இருந்தவற்றை ஒவ்வொரு பஞ்சாயத்தும் டேட்டா பேங்க் என்று பட்டியலிட்டிருக்கிறது. உங்கள் சர்வே நம்பர் அதில் இருந்தால், ஆனால் 2008-க்கு முன்பே மண் நிரப்பியது என்றால், படிவம் 5 கொடுத்துப் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லலாம். பழைய செயற்கைக்கோள் படத்தை வைத்தே சரிபார்க்கிறார்கள், அதனால் பக்கத்து வீட்டுக்காரர் சாட்சி என்பதெல்லாம் பெரிதாக எடுபடாது. டேட்டா பேங்கில் இல்லை, பதிவேட்டில் மட்டும் நிலம் என்றிருக்கிறது என்றால் 2018 திருத்தத்தில் வந்த 27ஏ பிரிவின்படி படிவம் 6. இரண்டும் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) அல்லது அதற்கு அதிகாரம் பெற்ற டெபுட்டி கலெக்டரிடம்.

பஞ்சாயத்தில் பத்து சென்ட், நகரத்தில் ஐந்து சென்ட் வரை சொந்த வீட்டுக்கு விலக்கு உண்டு என்பது நிஜம். ஆனால் அது அந்த வயலை வைத்திருந்த, வேறு இடமில்லாத குடும்பத்துக்கான ஏற்பாடு. 2008-க்குப் பிறகு விலைக்கு வாங்குகிறவர் அதை நம்பி வாங்கக்கூடாது. வாங்கும் முன் வில்லேஜ் ஆபீஸில் நிலமா புரயிடமா என்ற தரத்தையும் கிருஷி பவனில் (வேளாண் அலுவலகத்தில்) டேட்டா பேங்கையும் பாருங்கள். அட்வான்ஸ் ரசீதில் 'புரயிடம் என்று ஆன பிறகே மீதிப் பணம்' என்று ஒரு வரி எழுதுங்கள். விற்கிறவர் அந்த வரிக்கு முகம் சுளித்தால் விஷயம் புரிந்துவிடும்.

"நம்ம பக்கம் இப்போ பிளான் பாஸே வேண்டாமாமே?"

வேண்டும். தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடி வரை மனை, அதில் தரைத்தளமோ ஒரு மாடியோ சேர்த்து 3,500 சதுர அடி வரை வீடு என்றால், ஆபீஸ் ஆபீஸாக அலையாமல் ஆன்லைனில் பிளானையும் ஆதாரத்தையும் ஏற்றி, கட்டணம் கட்டி, அனுமதியை உடனே இறக்கிக்கொள்ளலாம். கட்டி முடித்த பிறகு வாங்கும் முடிவுச் சான்றிலிருந்தும் விலக்கு உண்டு.

இங்கே சென்ட் கணக்கில்தான் பேச்சு என்பதால் சொல்கிறேன், 2,500 சதுர அடி என்பது ஐந்தே முக்கால் சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு. ஆறு சென்ட் மனைக்காரர் தன் மனையை 2,500 சதுர அடி என்று எழுதி விண்ணப்பித்த கதையும் என் மேஜைக்கு வந்திருக்கிறது. சுயசான்று என்றால் பொய்க்கும் நீங்களே பொறுப்பு. பின்னால் தெரிந்தால் அனுமதி ரத்து.

"பேச்சிப்பாறை போற வழியில மலையடிவாரத்துல இடம். அதுக்கும் இதே தானா?"

அந்தக் கிராமம் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஹாகா என்பார்கள். கல்குளம், விளவங்கோடு, தோவாளையின் மலையோரக் கிராமங்கள் பலவும் அதில் உண்டு. இருந்தால் மனைப் பிரிப்புக்கும் கட்டடத்துக்கும் வேறு வழி, வேறு வேகம்.

"கான்ட்ராக்டர் என் மச்சானோட கூட்டாளி. அக்ரிமெண்ட் கேட்டா மூஞ்சியைத் தூக்குவார். எழுதாம விட்டா என்ன?"

வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான், இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872 அதைத் தடுக்கவில்லை. தகராறு வந்தால் எதைப் பேசினீர்கள் என்று யார் சொல்வது? மச்சானா? அவரை ஏன் அந்த இக்கட்டில் மாட்டிவிடுகிறீர்கள். உண்மையில் எழுத்து உறவைக் கெடுப்பதைவிடக் காப்பாற்றியதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பத்திரப்பதிவு தேவையில்லை, முத்திரைத்தாளில் இரண்டு மூன்று பக்கம் போதும். எந்த பிளான், அதன் நகல் பின்னால். கம்பி, சிமெண்ட், ஒயர், டைல்ஸ் எந்தக் கம்பெனி அல்லது எந்த விலை வரை. பணம் எந்தக் கட்டத்தில் எவ்வளவு. இதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள், பேஸ்மெண்ட் முடிந்ததும், லிண்டல் முடிந்ததும், வார்ப்பு முடிந்ததும், பூச்சு முடிந்ததும் என்று வேலை முடிந்த பிறகு பணம் வரும்படி எழுத வேண்டும், தொடங்கும் முன் என்றல்ல. வார்ப்புக்கு முன்னாலேயே எண்பது சதவீதம் கொடுத்துவிட்டு 'ஆளைக் காணோம்' என்று வருகிறவருக்கு நான் என்ன சொல்ல? கடைசி ஐந்து சதவீதத்தை ஒரு மழைக்காலம் தாண்டிக் கொடுப்பதாக எழுதுங்கள். நமக்கு இரண்டு மழை, ஜூனில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று. ஒரு மழைக்குத் தாங்கின மொட்டைமாடி அடுத்த மழைக்கு ஒழுகுவதும் உண்டு.

கையெழுத்துப் போட்ட ஊரையும் எழுதுங்கள். ஏன் என்று கீழே வரும்.

"சதுர அடிக்கு இவ்வளவுன்னு பேசினோம். இப்போ சன்ஷேடும் சிட்அவுட்டும் சேர்த்து அளக்கறார். சட்டப்படி எது சரி?"

இதற்குச் சட்டம் இல்லை, நீங்கள் பேசினதுதான் சட்டம். பஞ்சாயத்து பரப்பளவைக் கணக்கிடும் முறை கட்டணத்துக்கு, கொத்தனாருக்கு அல்ல. எங்கள் பக்க வழக்கமும் ஒரே மாதிரி இல்லை. சிட்அவுட்டை முழுசாகவும், கார் போர்ச்சைப் பாதியாகவும், சன்ஷேடை அளக்காமலும் விடுகிறவர்கள் உண்டு, வார்த்த இடமெல்லாம் அளவு என்கிறவர்களும் உண்டு. மதில், செப்டிக் டேங்க், தண்ணீர்த் தொட்டி ரேட்டுக்குள் வருமா என்பதும் அப்படியே. மேலே சொன்ன மூன்று பக்கத்தில் இதற்கு அரைப் பக்கம் ஒதுக்குங்கள்.

"எம் சாண்ட் விலை ஏறிடுச்சு, ரேட்டைக் கூட்டுங்கறார். கொடுக்கணுமா?"

விலை ஏறியது நிஜம். தமிழ்நாட்டில் கனிமம் உள்ள நிலத்துக்கான புது வரி 2025 ஏப்ரல் 4 முதல் வந்தது, குவாரிக்காரர்கள் ஸ்டிரைக் பண்ணினார்கள், சல்லியும் எம் சாண்டும் பாறைப்பொடியும் ஏறின. ஆனால் பொருளோடு சேர்த்து ஒரே ரேட் பேசி, விலை ஏறினால் கூட்டுவோம் என்று எழுதாமல் இருந்தால், ஏறினது அவர் நஷ்டம். கேட்கலாம், கட்டாயப்படுத்த முடியாது.

சரி, அதே நியாயத்தில் ஒன்று. 2025 செப்டம்பர் 22-ல் சிமெண்டுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதம் ஆனது. அன்றைக்கு எந்தக் கான்ட்ராக்டரும் ரேட்டைக் குறைக்கிறேன் என்று வரவில்லை. எழுதும்போது ஏறினாலும் இறங்கினாலும் என்று எழுதுங்கள். முழுக்க அடம் பிடித்து அவரை வேலையைப் போட்டுவிட்டு ஓட வைப்பதும் புத்திசாலித்தனம் இல்லை. லோடு ரசீதைப் பார்த்துப் பாதி வித்தியாசத்தைப் பகிர்ந்துகொண்ட வீடுகள் முடிந்து குடியேறியிருக்கின்றன.

"ஜிஎஸ்டின்னு 18 சதவீதம் தனியா கேக்கறார். தனி வீட்டுக்குமா?"

பொருளும் கூலியும் சேர்ந்த ஒப்பந்தம் என்றால் 18 சதவீதம் உண்டு, கான்ட்ராக்டர் ஜிஎஸ்டி பதிவு செய்தவராக இருந்தால். பதிவு நம்பர் இல்லாதவர் ஒரு ரூபாயும் வரி என்று வாங்கக்கூடாது. பொருளை நீங்கள் வாங்கிக் கொடுத்து, கூலி மட்டும் பேசின தனி வீட்டு வேலைக்கு வரி விலக்கு இருக்கிறது.

"பணத்தை வாங்கிட்டு லிண்டலோட நிறுத்திட்டார். ரெராவுல புகார் கொடுக்கலாம்னு சொல்றாங்க."

ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம், உங்களுக்கு இல்லை. அது மனையோ பிளாட்டோ விற்கிற புரமோட்டருக்கானது. உங்கள் சொந்த வஸ்துவில் கூலிக்கோ ஒப்பந்தத்துக்கோ கட்டித் தருகிறவர் புரமோட்டர் அல்ல.

உங்களுக்கு இருப்பது நுகர்வோர் ஆணையம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ல் 'சேவை' என்பதற்குள் வீடு கட்டுவதும் சேரும். கொடுத்த பணம் 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. எல்லைக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி. பழைய 1986 சட்டத்தில் எதிராளி இருக்கிற ஊருக்கு அல்லது தகராறு நடந்த ஊருக்குப் போக வேண்டும். 2019 சட்டத்தில் புகார்தாரர் குடியிருக்கிற ஊரிலேயே கொடுக்கலாம். வீடு பாறசாலையில் நின்றுபோனாலும் நீங்கள் குடியிருப்பது மார்த்தாண்டம் என்றால் நாகர்கோவிலில் புகார் கொடுக்கலாம், அவர் இங்கே வர வேண்டும்.

கெடு இரண்டு வருஷம். 'அடுத்த மாசம் வர்றேன்' என்று வாட்ஸ்அப்பில் சொல்லிச் சொல்லியே இரண்டு வருஷத்தை ஓட்டிவிடும் ஆட்கள் உண்டு. புகாருக்கு முன் இன்னொரு எஞ்சினியரை வைத்து முடிந்த வேலையை அளந்து, படம் எடுத்து, மதிப்பு எழுதி வாங்குங்கள். வேறு ஆளை வைத்து மேலே கட்டிவிட்டால் முதல் ஆள் எங்கே நிறுத்தினார் என்று காட்ட எதுவும் இருக்காது.

"அக்ரிமெண்டுல ஆர்பிட்ரேட்டர்கிட்டதான் போகணும்னு போட்டு, அந்த ஆர்பிட்ரேட்டரை அவங்களே நியமிப்பாங்கன்னும் இருக்கு. மாட்டிக்கிட்டேனா?"

இல்லை. அந்த வரி இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் உறுதி செய்திருக்கிறது. ஒரு தரப்பு மட்டும் தன்னிச்சையாகத் தனி நடுவரை (ஆர்பிட்ரேட்டரை) நியமிக்கும் ஷரத்து சமத்துவத்துக்கு விரோதம் என்று 2024 நவம்பர் 8-ல் அரசியல் சாசன அமர்வும் சொல்லிவிட்டது.

"திருவனந்தபுரத்துல பிளாட் புக் பண்ணியிருக்கேன். அதுக்காவது ரெரா உண்டா?"

உண்டு, ஆனால் கேரள ரெரா. மறுபடியும் மண் கணக்குதான். நிலம் 500 சதுர மீட்டருக்கு மேல், அல்லது பிளாட் எட்டுக்கு மேல் என்றால் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக்கூடாது. பதிவான ஒப்பந்தம் போடும் முன் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது. வாங்குகிறவர்களின் பணத்தில் 70 சதவீதம் தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும்.

சொன்ன தேதிக்குச் சாவி வரவில்லை என்றால் இரண்டில் ஒன்று உங்கள் விருப்பம். பணத்தை வட்டியோடு திரும்ப வாங்கிக்கொண்டு விலகலாம், அல்லது காத்திருந்து தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி கேட்கலாம்.

"குடிவந்து மூணு வருஷத்துல விரிசல். அஞ்சு வருஷம் கேரண்டின்னு சட்டத்துலயே இருக்காமே?"

அந்த ஐந்து வருஷம் ரெரா சட்டத்தின் 14-ஆம் பிரிவு. பிளாட்டில் சாவி வாங்கிய தேதியிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் கட்டமைப்புக் குறை தெரிந்தால் எழுதிக் கொடுத்த 30 நாளில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். மேலே சொன்னபடி சொந்த வஸ்துவில் கட்டின வீட்டுக்கு ரெரா இல்லை, அதனால் அந்த ஐந்து வருஷமும் இல்லை. உங்கள் அக்ரிமெண்டில் எத்தனை வருஷம் எழுதினீர்களோ அதுதான்.

எல்லா விரிசலும் கான்ட்ராக்டர் தப்பும் அல்ல. பூச்சில் மயிரிழையாக ஓடுவது நீர் விட்டுக் காய வைத்ததில் குறை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக, படிப்படியாகக் கல் இடுக்கில் இறங்குவது அஸ்திவாரம் இறங்குவதால் இருக்கலாம், வயலை நிரப்பிக் கட்டின இடங்களில் அடிக்கடி பார்ப்பது. நிரப்பின மண் என்று உங்களுக்குத் தெரியும், அவரிடம் சொல்லவில்லை என்றால் பழி பாதி உங்கள் மேல் திரும்பும்.

"சாரத்துல இருந்து ஆள் விழுந்துட்டா வீட்டுக்காரன் மேல கேஸ் வருமா?"

இழப்பீட்டுக்கு முதல் பொறுப்பு அவரை வேலைக்கு வைத்த கான்ட்ராக்டருக்கு. கான்ட்ராக்டரே இல்லாமல் நீங்களே நாள்கூலிக்கு ஆள் பிடித்து நடத்தினால் உங்களை முதலாளி என்று வாதாட இடம் உண்டு. இதிலும் பாதிக்கப்பட்டவர் தான் குடியிருக்கிற ஊரிலேயே கேட்கலாம். கழக்கூட்டத்தில் விழுந்த அருமனைக்காரரின் குடும்பம் கேரளத்துக்கு அலைய வேண்டாம்.

கட்டடச் செலவில் ஒரு சதவீதம் கட்டும் தொழிலாளர் நல செஸ்ஸையும் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது நலவாரியத்துக்குப் போகிற பணம், விபத்துக் காப்பீடு அல்ல. சொந்த வீட்டுக்கு முன்பு 10 லட்சம் வரை விலக்கு இருந்தது, 2025 நவம்பர் 21-ல் நடப்புக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் அது 50 லட்சம். செஸ் கட்டிவிட்டேன், விழுந்தால் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று இருக்காதீர்கள். வேலை நடக்கிற காலத்துக்கு ஒரு பாலிசி எடுக்கச் சொல்லி அக்ரிமெண்டில் எழுதுங்கள்.

"நான் கொத்தனார். நெய்யாற்றின்கரையில வீடு முடிச்சுக் கொடுத்தேன், ரெண்டு லட்சம் பாக்கி. நான் எங்க போறது?"

இந்தக் கேள்வியும் நியாயமாகவே அடிக்கடி வருகிறது, ஏமாற்றுவது கான்ட்ராக்டர் மட்டும் இல்லை. நீங்கள் சேவை செய்தவர், வாங்கினவர் அல்ல, அதனால் நுகர்வோர் ஆணையம் உங்களுக்கு இல்லை. சிவில் வழக்குதான். எதிராளி குடியிருக்கிற ஊரில், அல்லது வழக்குக்கான காரணம் முழுதாகவோ பாதியாகவோ எழுந்த ஊரில் போடலாம். அதனால்தான் கையெழுத்துப் போட்ட ஊரை எழுதச் சொன்னேன். ஒப்பந்தம் குழித்துறையில் போட்டது என்று தாளில் இருந்தால் குழித்துறையில் போட வழி பிறக்கும், இல்லையென்றால் நெய்யாற்றின்கரைக்குத்தான் பஸ் ஏற வேண்டும்.

எழுத்தே இல்லை என்றாலும் ஒப்பந்தச் சட்டம் 70-ஆம் பிரிவு கை கொடுக்கும். இலவசமாகச் செய்ய நினைக்காத வேலையைச் செய்து கொடுத்து, மற்றவர் அதன் பலனை அனுபவித்தால் ஈடு கொடுக்க வேண்டும். வேலை முடிந்து மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். கூடுதல் வேலைக்கு அன்றன்றைக்கு 'சேட்டா, மேல ஒரு பாத்ரூம் சொன்னீங்க, இவ்வளவு ஆகும்' என்று ஒரு மெசேஜ் அனுப்பி வையுங்கள். அவர் 'ஓகே' என்று போட்டால் அதுவே சாட்சி.

"பஞ்சாயத்தே பெர்மிட் கொடுத்துட்டா அப்புறம் யாரு இடிக்க முடியும்?"

கொச்சிக்குப் பக்கத்தில் மரடு. உள்ளாட்சி பெர்மிட் கொடுத்த நாலு அடுக்குமாடி வளாகங்கள், கடலோர ஒழுங்குமுறை விதியை மீறியவை என்று உச்ச நீதிமன்றம் 2019 மே 8-ல் இடிக்கச் சொன்னது. 2020 ஜனவரி 11, 12-ல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். பிளாட்காரர்களுக்கு இடைக்கால நிவாரணமாக ஆளுக்கு 25 லட்சம் கொடுக்க உத்தரவானது, வீடு போனது போனதுதான். குளச்சல், தேங்காய்ப்பட்டணம் கடலோரத்தில் கட்ட நினைக்கிறவர்களும் இதைக் கவனியுங்கள்.

"பிளான்ல இல்லாம மேல ஒரு ரூம் போட்டுட்டேன். பத்து வருஷம் ஆச்சு, இனிமே என்ன?"

பத்து வருஷம் யாரும் கேட்கவில்லை என்பது அனுமதி ஆகாது என்று 2024 டிசம்பர் 17 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் நேராகவே சொல்லியிருக்கிறது. முடிவுச் சான்றைப் பார்த்த பிறகே கரண்ட், தண்ணீர் இணைப்பு, வங்கிக் கடனும் அப்படியே என்றும் அதில் உண்டு. கேரளப் பக்கம் குடியிருப்புச் சான்று இல்லாமல் கட்டிட எண் வராது, வந்தாலும் அனுமதியில்லாதது என்ற குறியோடும் கூடுதல் வரியோடும் வரும்.

ரூம் விதிக்குள் அடங்குமா என்று முதலில் அளந்து பார்க்கலாம். பக்கவாட்டு இடைவெளியும் உயரமும் சரியாக இருந்தால் திருத்தின பிளானைக் கொடுத்து முறைப்படுத்தக் கேட்கலாம். மதிலை ஒட்டி வார்த்திருந்தால் அந்த வழி அடைபட்டுவிடும். பிளான் நகலையும் ஆதாரத்தையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், ரூம் அளவை வீட்டிலேயே எடுத்து வந்தால் எனக்கு ஒரு நடை மிச்சம்.